மொகோக்சுங் பாஸ்டர் வீட்டில் நான்கு இரவுகள்

புதன், திமாபூர்

காலையில் குவாஹாத்தியில் ஏறிய ரயில், மதியத்துக்குப் பிறகு திமாபூரில் இறக்கிவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இருக்கும் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பி இன்றோடு ஐந்து நாள். அறுபத்து மூன்று வயதில் இவ்வளவு தூரம் தனியாக வருவேன் என்று நினைத்ததில்லை.

நாகாலாந்துக்குள் நுழைய நம் நாட்டவருக்கும் இன்னர் லைன் பர்மிட் வேண்டும். 1873-ல் ஆங்கிலேயர் போட்ட சட்டத்தின் தொடர்ச்சி அது. முன்பு திமாபூருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2019 கடைசியில் அதையும் எடுத்துவிட்டார்கள். இணையத்தில் விண்ணப்பித்து, அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். பார்த்தார்கள், விட்டார்கள்.

போகிற இடம் மொகோக்சுங். ஆவோ நாகர்களின் மலை ஊர். அங்கே ஒரு பாப்டிஸ்ட் சபையில் பாஸ்டராக இருக்கும் ஒருவரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

2017-ல் என் மனைவிக்கு இருதய வால்வு அறுவைச் சிகிச்சைக்காக வேலூரில் ஏழு வாரம் தங்கியிருந்தோம். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தரும் லாட்ஜ். வேலூர் போனவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருக்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகளும் அவர்களுடைய சொந்தக்காரர்களும்தான். எதிர் அறையில் அவரும் அவர் மனைவியும். அவர் மனைவிக்குச் சிறுநீரகப் பிரச்சினை. தினமும் மாலை அவர் கதவைத் தட்டி, அப்போதுதான் கற்றுக்கொண்ட தமிழில், "அண்ணா, சாப்பிட்டாச்சா?" என்பார். பதில் எதுவாக இருந்தாலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். ஜெபம் பண்ணட்டுமா என்று முதல் வாரத்தில் அவர் கேட்கவே இல்லை. காய் நறுக்கிக் கொடுத்தார், மருந்துக் கடைக்குப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி காலமானபோது ஃபோன் செய்தார். "அண்ணா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய மொழியில் ஒரு பாட்டை மெதுவாகப் பாட ஆரம்பித்தார். இருபது நிமிஷம் இருக்கும். அன்று வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்ன அத்தனை பேரின் வார்த்தைகளையும் மறந்துவிட்டேன். அந்த இருபது நிமிஷம் மட்டும் நினைவிருக்கிறது.

வியாழன், கோஹிமா

திமாபூரிலிருந்து 74 கிலோமீட்டர், ஷேர் டாக்ஸியில். கோஹிமாவில் போர்க் கல்லறைத் தோட்டத்தை மட்டும் பார்த்தேன். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜப்பானியப் படையைப் பிரிட்டிஷ், இந்தியப் படையினர் இந்த மலைமுகட்டில் தடுத்து நிறுத்தினார்கள். டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. மைதானக் கோடுகளை இன்றும் வெள்ளைக் கான்கிரீட்டில் காட்டியிருக்கிறார்கள். 1,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். வயதைப் படித்துக்கொண்டே போனேன்: 19, 22, 20, 24. இருபதாவது கல்லுக்குமேல் படிக்க முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. குளிர். சீக்கிரம் படுத்துவிட்டேன்.

வெள்ளி, மொகோக்சுங்

டாடா சூமோவில் பத்துப் பேர். வோக்கா வழியாகச் சுமார் 150 கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. சாலையின் நிலை அப்படி. மலைச் சரிவுகளில் நெல் அறுவடை முடிந்துகொண்டிருந்தது. காட்டை வெட்டி, எரித்து, ஒன்றிரண்டு வருஷம் விதைத்துவிட்டு அடுத்த சரிவுக்குப் போகும் ஜூம் வயல்கள். முதுகில் மூங்கில் கூடை, கூடையின் பட்டை நெற்றியில். பெண்கள் அப்படியே ஏறி வருகிறார்கள்.

வோக்கா தாண்டி டோயாங் ஆறு வந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி வானத்தைக் காட்டினார். தூரத்தில் புள்ளி புள்ளியாகப் பறவைகள், அமூர் வல்லூறுகள். சைபீரியா, வட சீனப் பக்கமிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அக்டோபர், நவம்பரில் இங்கே டோயாங் நீர்த்தேக்கத்தில் இறங்கி இளைப்பாறும் பறவைகள். 2012-ல் பாங்டி ஊர்ப் பக்கம் இவற்றை வலை கட்டி ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்ற படங்கள் வெளியே வந்து உலகமே அதிர்ந்தது. மறு வருஷமே கொலை நின்றது. எப்படி நின்றது என்பதை ராத்திரி பாஸ்டர் சொன்னார். அரசாங்கம் சட்டத்தைச் சொன்னது, பறவை ஆர்வலர்கள் வந்து பேசினார்கள், ஊர் கவுன்சில்கள் அபராதம் போட்டன. இவற்றோடு சபைகளிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். பிடித்தவர்கள் ஏழை மீனவர்கள், அந்தக் காசில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள் என்றும் சொன்னார். "அவர்களிடம் பாவம் என்று சொல்வது சுலபம் அண்ணா. அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று அடுத்த வார்த்தை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்."

வீடு ஊரின் ஓரத்தில், சரிவில் நிற்கிறது. முன்பக்கம் சிமென்ட், பின்பக்கம் மரமும் தகரமும் சேர்ந்த அடுப்பங்கரை. கேஸ் அடுப்பு ஒரு மூலையில் இருந்தாலும் வீட்டின் நடுநாயகம் விறகு அடுப்புதான். தரையில் தீ, அதன்மேல் மூங்கில் பரண், பரணில் புகையில் காயும் பன்றி இறைச்சி. தீயைச் சுற்றி முக்காலிகள். வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் இங்கே உட்கார வைக்கிறார்கள்.

பாஸ்டருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பாஸ்டரம்மா டயாலிசிஸ் இல்லாமல் மருந்திலேயே இருக்கிறார், தேவ கிருபை. என்னைப் பார்த்ததும் என் மனைவியின் பெயரைச் சொன்னார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் இல்லாத சிவப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்தார்.

சாப்பாட்டுக்குச் சோறு, சேப்ப இலையைப் புளிக்க வைத்துக் காயவைத்துச் செய்யும் அனிஷி போட்ட பன்றிக் கறி, வேகவைத்த கீரை, ராஜா மிளகாய்ச் சட்னி. அந்த மிளகாயை நகக்கண் அளவுதான் தொட்டேன்.

சனி

விடிவது நம் ஊரைவிட ரொம்ப முன்னால். நாலரை மணிக்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாஸ்டர் பன்றிகளுக்குத் தீனி வைத்துவிட்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். அப்புறம் கொஞ்ச நேரம் தீக்கு முன்னால் வேதப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். எட்டு மணிக்கு, "வாங்க அண்ணா, வேலைக்குப் போவோம்" என்றார்.

வேலை என்றால் வீடு வீடாகப் போவது. எனக்கு இது புதிதில்லை. என் அப்பா சாத்தான்குளம் பக்கத்துக் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான சேகர குரு மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் ஊரைப் பார்த்துக்கொண்டது அப்பாவும் அவருடைய சைக்கிளும்தான். இரவு எட்டு மணிக்கு வந்து, "இன்னைக்கு ஏழு வீடு" என்பார். அது ஒரு வேலையா என்று சின்ன வயதில் எனக்கு வருத்தம். மற்ற பையன்களின் அப்பாக்கள் வாத்தியார், கிளார்க். இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

முதல் வீட்டில் எண்பது தாண்டிய பாட்டி, தனியாக. மகன் பெங்களூரில். வீடியோ கால் வைக்கத் தெரியாததால் சனிக்கிழமை தோறும் பாஸ்டர் போய் வைத்துக் கொடுக்கிறார். மகன் வேலையில் இருந்தான் போலிருக்கிறது, இரண்டு நிமிஷம்தான் பேசினான். பாட்டி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாஸ்டர் ஒரு சிறிய ஜெபம் செய்தார். கிளம்பும்போது பாட்டி என் சட்டைப் பையில் இரண்டு வேகவைத்த முட்டையைப் போட்டார்.

இரண்டாவது வீட்டில் அண்ணன் தம்பி எல்லைத் தகராறு. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. முடிந்ததா என்று கேட்டேன். "இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே அறையில் தேநீர் குடித்தார்கள். போன மாதம் அதுவும் இல்லை" என்றார்.

மூன்றாவது வீட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

நாற்பது வயதுக்காரர், குடியால் ஈரல் கெட்டுப் படுத்திருக்கிறார். வீட்டில் சாராய வாடை இல்லை. மருந்து வாடையும், பல நாள் ஜன்னல் திறக்காத வாடையும் இருந்தன. நாகாலாந்தில் 1989-ல் முழு மதுவிலக்குச் சட்டம் வந்தது. அதைக் கேட்டுப் போராடியது சபைகள். ஆனால் அசாம் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, சரக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பாஸ்டர் அந்த மனிதருக்கு முகச் சவரம் செய்துவிட்டார். சோப்பு நுரை, ரேசர், வெந்நீர், துண்டு எல்லாம் தன் பையிலேயே கொண்டுபோயிருந்தார். அவர் மனைவி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சவரம் முடிந்ததும் பாஸ்டர் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அந்த மனிதர் ரொம்ப நேரம் பார்த்தார்.

திரும்பி ஏறி வரும்போது பாஸ்டர் மூச்சு வாங்க நின்று சொன்னார்: "சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. என் அம்மா அதற்காக ஊர்வலம் போனவர். ஆனால் சட்டம் வந்ததும் எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். முன்பு குடிகாரர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். சட்டம் வந்த பிறகு அவர் குற்றவாளி, போவதற்குச் சங்கடம். இந்த வீட்டுக்கு நான் ஆறு வருஷம் போகவில்லை அண்ணா. ஈரல் கெட்ட பிறகுதான் போனேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் ஞானஸ்நான வகுப்பு. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தை ஞானஸ்நானம் கிடையாது. தானாக விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்து, தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழ வேண்டும். பிஷப்பும் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். ஒரு பையன் கேட்டான்: "எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன. அப்போதும் எடுக்கலாமா?" பாஸ்டர் சிரித்தார். "எனக்கும் இருக்கின்றன. உன்னுடையது என்ன, சொல்." வகுப்பு முடிய ஒரு மணி நேரம் அதிகமானது.

இரவு அடுப்பின் முன்னால் அவர் எதையோ சொல்லத் தயங்குவது தெரிந்தது. விறகை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நாளை மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து உண்டு. இந்தச் சபையின் வழக்கத்தில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே கொடுப்பார்கள். நான் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரன், மூன்று மாதக் குழந்தையில் நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்டவன்.

"நான் ஒருத்தன் தீர்மானிக்கிறதாக இருந்தால் கொடுத்துவிடுவேன். சபை தீர்மானிக்கிற காரியம். உங்களை வரச் சொல்லிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது."

வருத்தப்படவில்லை என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

ஞாயிறு

ஊரில் ஒரு கடை திறக்கவில்லை, ஒரு டாக்ஸி ஓடவில்லை. 35,000 பேர் இருக்கிற ஊர் இப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்குப் பார்த்தால் எல்லாச் சரிவுகளிலிருந்தும் மனிதர்கள் இறங்கியும் ஏறியும் வருகிறார்கள். பெண்கள் சிவப்பும் கறுப்புமாக மெக்காலா உடுத்தி, கையில் பாட்டுப் புத்தகம். நாசரேத்தில் கோயில் மணி அடித்ததும் எங்கள் தெரு நிறைவதுபோலவே இருந்தது.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தகத்தில் மேற்கத்திய இசைக்குறியீடு இல்லை. ட, ர, ம என்று எழுத்தால் எழுதும் டானிக் சோல்ஃபா முறை. அதைச் சின்னப் பிள்ளைகளும் பார்த்ததும் பாடுகிறார்கள். பாடகர் குழு தனியாக நாலு குரலில் பாடுவதை நாமும் கேட்டிருக்கிறோம். இங்கே சபையே நாலு குரலில் பாடுகிறது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மரத்தச்சர் அடிக்குரலில் பாடியது என் முதுகெலும்பில் அதிர்ந்தது.

கடவுளுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ட்சுங்ரெம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ஆவோக்களிடம் இருந்த சொல். மொழிபெயர்த்தவர்கள் புதிதாக ஒன்றைக் கொண்டுவராமல் அதையே வைத்துக்கொண்டார்கள். நம் வேதத்தில் சீகன்பால்கு சருவேசுரன் என்றார், பப்ரிசியஸ் பராபரன் என்றார், அப்புறம் தேவன் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் முன்னோர் எவ்வளவு சண்டை போட்டார்கள்! இங்கே பாட்டியின் பாட்டி மின்னலுக்குப் பயந்து கூப்பிட்ட அதே பெயரைச் சொல்லி இன்று பேத்தி ஜெபிக்கிறாள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

பிரசங்கத்தைப் பக்கத்தில் இருந்த ஆசிரியர் எனக்கு ஆங்கிலத்தில் காதோடு சொன்னார். உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடும் பகுதி. யோவான் சுவிசேஷத்தில் கரி நெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது என்றார் பாஸ்டர். ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே அவரை எனக்குத் தெரியாது என்று சொன்ன இடம். இன்னொன்று இது. "பேதுருவுக்கு அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியிருக்கும். அவன் எந்த ராத்திரியை மறக்க நினைத்தானோ அதே வாசனை. கர்த்தர் அதைப் பற்றி முதலில் கேட்கவில்லை. முதலில் மீன் கொடுத்தார்." அடுப்பைச் சுற்றியே வாழும் ஜனங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திருவிருந்து. அப்பத் துண்டுகள் ஒரு தட்டில், திராட்சை ரசம் சின்னச் சின்னக் கிண்ணங்களில். வரிசை வரிசையாகக் கைமாறி வருகிறது. என்னிடம் வந்தபோது வாங்கி, எடுக்காமல், அடுத்தவரிடம் கொடுத்தேன். அந்தத் தட்டின் கனம் கையில் இன்னும் இருக்கிறது. மேடையிலிருந்து பாஸ்டர் என்னைப் பார்த்தார். தட்டெல்லாம் திரும்பிப் போனபின் எல்லாருக்கும் கடைசியில் அவர் எடுத்தார்.

மதியம் இதைப் பற்றி இருவரும் பேசவில்லை. வேறு பேச்சு. நாளை இம்புர் போவதாகத் திட்டம். 1894-லிருந்து மிஷன் மையமாக இருக்கும் இடம். ஆவோ சபைகளின் கூட்டமைப்பு அலுவலகமும் பழைய மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. அதற்கு முன்னோட்டமாக அவர் சரித்திரத்தைச் சொன்னார். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி கிளார்க்கின் பெயர் எல்லாருக்கும் தெரியும். 1869-ல் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ள அசாமின் சிப்சாகருக்கு வந்தவர். ஆனால் மலைமேல் முதலில் ஏறியது கொதுலா என்கிற அசாமிய ஊழியர். 1871-ல் மொலுங்கிமோங் ஊருக்கு வந்தார். வெள்ளைக்காரனின் ஒற்றன் என்று சந்தேகப்பட்டு ஒரு குடிசையில் வைத்துக் காவல் போட்டார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து பாடினார். காவல் இருந்தவர்கள் கேட்டார்கள், அப்புறம் ஊரே வந்து கேட்டது. 1872-ல் அந்த ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் சிப்சாகருக்கு இறங்கிப்போய் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மொலுங்கிமோங்கிலேயே சபை உண்டானது. கிளார்க் இங்கே குடிவந்தது 1876-ல்தான்.

"எங்கள் ஊர் உபதேசியார் மாதிரி" என்றேன்.

"அதேதான். கதையில் அவர் பெயர் ஒரு வரியில் போய்விடும்."

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சைக்கிள், ஏழு வீடு, எல்லாம். பாஸ்டர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

சபை வந்ததால் போனவற்றையும் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். வாலிபர்கள் கூடித் தங்கிக் கற்ற அர்ஜு என்ற விடுதிகள் போயின. பெரிய மரத்தைக் குடைந்து செய்த ஊர் முரசு மௌனமானது. அரிசி மது, பழைய பாட்டு, ஆபரணம் எல்லாம் பேய்க் காரியம் என்று விடச் சொன்னார்கள். அவருடைய பாட்டி ஞானஸ்நானத்துக்கு முன் எல்லா மணிமாலைகளையும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் நெல் குதிரின் அடியில் ஒளித்து வைத்திருந்தாராம். சாகும்போது எடுத்துக் கொடுத்தார். பாஸ்டரம்மா அதைக் கொண்டுவந்து காட்டினார். கார்னீலியன் கற்கள், தீயின் நிறம்.

"அதைப் பாவம் என்று சொன்னது தப்பு. என் பிள்ளைகளுக்கு அர்ஜு இல்லாமல் போனது நஷ்டம். ஆனால் அண்ணா, என் பாட்டனின் அப்பா காலத்தில் பக்கத்து ஊர்க்காரன் தலையை எடுத்தால்தான் ஆண்பிள்ளை. வயலுக்குப் போகிற பெண்களுக்குக் காவல் போக வேண்டும். அது நின்றது. 1889-ல் ஆங்கிலேயர் இந்த மலையைப் பிடித்ததும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் துப்பாக்கிக்குப் பயந்து நிற்கிறது வேறு. பகையாளி ஊரில் போய் உட்கார்ந்து அவன் சோற்றைச் சாப்பிடுகிறது வேறு. இரண்டாவதைச் செய்தது எங்கள் முதல் உபதேசியார்கள்." மணிமாலையைத் துணியில் சுற்றி மறுபடி வைத்தார். "இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும்."

இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டினார்கள். நேற்றுச் சவரம் செய்துவிட்ட மனிதர் போய்விட்டார்.

திங்கள்

இம்புர் போகவில்லை.

இரவே போனோம். நாங்கள் போவதற்குள் வீடு நிறைந்திருந்தது. யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் விறகுக் கட்டோடு வந்தார், ஒருவர் அரிசியோடு, பெண்கள் பெரிய பானையில் தேநீர் வைத்தார்கள். வாலிபர்கள் முற்றத்தில் விளக்கு கட்டிப் பலகை அறுத்துப் பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் பாடினார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் இருமல், தேநீர், அப்புறம் அடுத்த பாட்டு. விடியும்வரை. முந்தாநாள் சுவரைப் பார்த்து நின்ற அந்த அம்மாவை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், தோள் உரச. ஒருவர் எழுந்தால் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

பாஸ்டர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை மூன்று மணி இருக்கும், குளிர் தாங்காமல் நான் அடுப்புப் பக்கம் போனபோது, சனிக்கிழமை எல்லைக்குச் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்துப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பாஸ்டரிடம் சொன்னேன். "பார்த்தேன்" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவு வந்தது. என் மனைவியின் அடக்கம் அன்று மாலை ஆறு மணிக்கெல்லாம் எல்லாரும் போய்விட்டார்கள். யார் மேலும் குறையில்லை, அவரவருக்கு வேலை. அன்று ராத்திரி அந்த ஃபோன் வந்ததன் அர்த்தம் இப்போது புரிகிறது. வர முடியாத தூரத்தில் இருந்த ஒருவர், இவர்கள் வழக்கப்படி, என்னோடு ராத்திரி விழித்திருக்கப் பார்த்திருக்கிறார்.

மதியம் அடக்கம். கல்லறையில் பாஸ்டர் மூன்று நிமிஷம் பேசினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆறு வருஷம் நான் போகாததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்." ஊர் முன்னால், பெட்டிக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கிறார். கூட்டம் ஏன் அப்படி அசையாமல் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது.

சாயங்காலம் வீட்டில் யாருக்கும் பேசத் தெம்பில்லை. பாஸ்டரம்மா சோற்றில் வெந்நீர் ஊற்றிக் கஞ்சிபோலப் பிசைந்து கொடுத்தார். பாஸ்டர் என் தட்டை வாங்கி, பரணிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துத் தணலில் சுட்டு, முள்ளெடுத்து வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சாப்பிட்டேன்.

செவ்வாய்

காலை ஆறு மணி சூமோ. ஐந்து மணிக்கே பாஸ்டரம்மா இரண்டு பொட்டலம் கட்டி வைத்திருந்தார். ஒன்று எனக்கு: அனிஷி, காய்ந்த மூங்கில் குருத்து, நாட்டு இஞ்சி. இன்னொன்றைப் பாஸ்டர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை முதல் வீட்டில் பார்த்த பாட்டியின் பேரன், இருபத்திரண்டு வயதுப் பையன், சென்னையில் தியாகராய நகர் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். இரண்டு மாதமாக ஃபோனை எடுப்பதில்லை.

"கேள்வி ஒன்றும் கேட்க வேண்டாம் அண்ணா. இதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேளுங்கள்."

பையனின் முகவரியை என் நோட்டில் அவரே எழுதினார். பொட்டலம் கனம்தான். பாட்டி முட்டையும் வைத்திருப்பார் போலிருக்கிறது, மேலே வைக்கோல் சுற்றியிருக்கிறது.

இதை வோக்காவில் வண்டி நிற்கும்போது எழுதுகிறேன். ஊருக்கு நேராகப் போகும்படி எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றச் சொல்லித் தம்பி மகனிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். சென்னையில் ஒரு நாள் இறங்குகிறேன். ஹோட்டலில் மதியம் மூன்று முதல் ஐந்து வரை வேலை குறைவாக இருக்குமாம். அந்த நேரத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.